வினாவுக்கு வெளியே

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் நான் சிவப்பு மையால் எழுதிய இரண்டு சொற்கள் ஐந்து ஆண்டுகளாக என்னை விட்டு அகலவில்லை. 2020 செப்ரெம்பர் மாதம் அது. கொவிட் முடக்கத்துக்குப் பின் பாடசாலைகள் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தவணைப் பரீட்சைக்குப் பொருளியல் வினாத்தாளை நானே தயாரித்திருந்தேன். அதில் ஒரு வினா: மந்தநிலையில் இருக்கும் பொருளாதாரத்தை மீட்பதற்கு இறைக் கொள்கையையும் நாணயக் கொள்கையையும் எவ்வாறு இணைத்துப் பயன்படுத்தலாம் என விளக்குக. எதிர்பார்த்த விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசாங்கம் வரியைக் குறைக்க வேண்டும், செலவைக் கூட்ட வேண்டும். மத்திய வங்கி வட்டி வீதத்தையும், வங்கிகள் தம் வைப்பில் கட்டாயமாக அதனிடம் வைக்கவேண்டிய பங்கான நியதி ஒதுக்கு வீதத்தையும் குறைக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் செல்லும்போது மொத்தக் கேள்வி, அதாவது நாட்டில் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உள்ள தேவை, பெருகும். பெரும்பாலானவர்கள் இதையே எழுதி நல்ல புள்ளி பெற்றார்கள். அவளும் இதை இரண்டு வரிகளில் எழுதியிருந்தாள். அதன் பிறகு அரைப் பக்கத்துக்கு வேறொன்றை எழுதியிருந்தாள்: இரண்டும் ஒன்றாகத் தளர்ந்தால் இறக்குமதியும் கூடும், அதற்குக் கொடுக்க டொலர் இல்லாத நாட்டில் என்ன செய்வது என்று இந்த விடையில் இடம் இல்லை, ஆகவே நாட்டின் டொலர் ஒதுக்கு எவ்வளவு என்று தெரியாமல் இந்த வினாவுக்கு முழுமையாக விடை எழுத முடியாது. அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் கோடு இழுத்து, “வினாவுக்கு வெளியே” என்று எழுதினேன். இருபதுக்குப் பன்னிரண்டு போட்டேன்.

புள்ளித்திட்டத்தின்படி நான் செய்தது சரி. ஆனால் அந்தப் பன்னிரண்டைப் போட்ட அதே மாதங்களில், அவள் கேட்ட கேள்வியைக் கேட்காமலேயே ஒரு நாடு நடத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அன்று அதை நான் பார்க்கத் தவறினேன். பாடத்தைக் கற்பிக்கிறவன் பார்க்கத் தவறியதை, அதைப் படிக்கிறவள் பார்த்திருக்கிறாள் என்ற உண்மையை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளும் எத்தனையோ வரிசைகளும் தேவைப்பட்டன.

ஒரே பக்கம் சாய்ந்த துலாக்கோல்

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்கான காரணம் எது என்று கேட்டால் இன்றும் நம்மவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். வரிக்குறைப்புத்தான் காரணம் என்பார்கள் ஒரு சாரார். பணம் அச்சிட்டதுதான் காரணம் என்பார்கள் மறு சாரார். திறைசேரிக்கும் மத்திய வங்கிக்கும் இடையே ஒருங்கிணைப்பு இருக்கவில்லை, அதனால்தான் எல்லாம் குலைந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இந்த மூன்றாவது கருத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் இருந்த அளவு ஒருங்கிணைப்பு அதற்கு முன் அரிதாகவே இருந்திருக்கும். இறைக் கொள்கை எதை விரும்பியதோ அதை நாணயக் கொள்கை செய்து கொடுத்தது. இரண்டு கைகளும் ஒரே பக்கம் தள்ளின, மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும் மிஞ்சவில்லை.

நடந்ததை வரிசையாக எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். 2019 டிசம்பர் முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. அந்த வரிக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. உழைக்கும்போதே செலுத்தும் வரியும் போயிற்று. தனிநபர் வருமான வரி தொடங்கும் எல்லை ஆண்டுக்கு 5 இலட்சத்திலிருந்து 30 இலட்சமானது. இதைப் பலர் பெருந்தொற்றுக்கான நிவாரணம் என்று இன்று நினைவுகூர்கிறார்கள். அது தவறு. நாட்டில் முதல் முடக்கம் வந்தது 2020 மார்ச்சில்தான். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் சோர்ந்திருந்த பொருளாதாரத்தைத் தூக்கிவிடுவதாகச் சொல்லியே இந்தக் குறைப்பு செய்யப்பட்டது. தொற்று பின்னர் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. 2018 இல் 4.4 பில்லியன் டொலர் தந்த சுற்றுலாத்துறை 2020 இல் ஒரு பில்லியனைக்கூட எட்டவில்லை. வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு இறங்க, வரவு செலவுத் திட்டத்தின் பற்றாக்குறை 10 சதவீதத்தைத் தாண்டியது. கடன் தரமிடல் நிறுவனங்கள் நாட்டை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கின. வெளிநாட்டுச் சந்தையில் பிணைமுறி விற்றுக் கடன் பெறும் கதவு அதோடு மூடிக்கொண்டது.

கதவு மூடியதும் திறைசேரி திரும்பிய இடம் மத்திய வங்கி. 2020 யூலையில், வங்கிகள் அதனிடம் வைக்கும் பணத்துக்கு அது கொடுக்கும் துணைநில் வைப்பு வசதி வீதம் 4.5 சதவீதத்துக்கும், வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு அது வாங்கும் துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் 5.5 சதவீதத்துக்கும் இறக்கப்பட்டன. நியதி ஒதுக்கு வீதம் 5 இலிருந்து 4 ஆகி, பின் 2 ஆனது. அரசாங்கம் குறுங்காலக் கடனுக்காக விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் ஏலங்களில் இன்ன வட்டிக்கு மேல் ஏற்பதில்லை என்று உச்ச எல்லை வைக்கப்பட்டது. அந்த விலைக்கு வாங்குவார் இல்லாமல் ஏலங்கள் குறைந்த அளவில் முடிய, மிஞ்சியதை மத்திய வங்கி புதிய பணத்தால் வாங்கியது. 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்த மத்திய வங்கியின் அரச பிணையங்கள் (அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள்), 2021 இறுதியில் ஏறத்தாழ 1.4 டிரில்லியன் ரூபாவாகப் பெருகியிருந்தன. சொந்த நாணயத்தில் பெற்ற கடனைச் சொந்த நாணயத்தை அச்சிட்டே தீர்க்கலாம், அதனால் பணவீக்கம் வராது என்ற வாதம் அப்போது மேல்மட்டத்திலேயே பேசப்பட்டது. அதை நானும் பாதி நம்பினேன். உலகமே அப்போது அப்படித்தான் செய்தது, அமெரிக்காவும் ஐரோப்பாவும் அச்சிட்டன, நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் அச்சிட்டது டொலரும் யூரோவும் என்பதை நான் அன்று சொல்லவில்லை.

இரண்டு சமநிலைகள்

சமநிலை குலைந்த பொருளாதாரம் என்று பேசும்போது நாம் வழக்கமாக ஒரு குலைவையே மனதில் வைத்திருக்கிறோம்: வேலை இல்லை, வியாபாரம் இல்லை, கேள்வி போதாது. இது உள்நாட்டுச் சமநிலை. ஆனால் இறக்குமதியில் வாழும் சிறிய நாட்டுக்கு வெளிநாட்டுச் சமநிலை என்று இன்னொன்றும் உண்டு. டொலர் வருவதும் போவதும் ஒத்துப்போக வேண்டும். ஒல்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் இதற்கு ஓர் எளிய விதி சொன்னார்: எத்தனை இலக்குகளோ குறைந்தது அத்தனை கருவிகள் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றிய ரொபர்ட் மண்டெல் ஒரு படி மேலே சென்று, எந்தக் கருவியை எந்த இலக்குக்கு விடுவது என்று ஆராய்ந்தார். நாணயமாற்று வீதத்தை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கும் நாட்டில் வட்டி வீதத்தை வெளிநாட்டுச் சமநிலைக்கும் வரியையும் செலவையும் உள்நாட்டுச் சமநிலைக்கும் ஒதுக்க வேண்டும், மாற்றி ஒதுக்கினால் குலைவு கூடும் என்பது அவர் முடிவு. மூலதனம் தாராளமாக வந்துபோகாத எங்களைப் போன்ற நாட்டுக்கு அந்த ஒதுக்கீடு அப்படியே பொருந்துமா என்று விவாதிக்கலாம். நாம் செய்ததோ அந்த விவாதத்துக்கே இடம் வைக்கவில்லை. இரண்டு கருவிகளையும் உள்நாட்டு இலக்குக்கே கொடுத்துவிட்டு, நாணயமாற்று வீதத்தையும் 200 ரூபாவுக்குச் சற்று மேலே கட்டி வைத்தோம். வெளிநாட்டுச் சமநிலைக்கு ஒரு கருவியும் எஞ்சவில்லை. வாகன இறக்குமதித் தடை, மஞ்சள் தடை, பின்னர் உரத் தடை என்று தடைகளைக் கொண்டே அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்த்தோம்.

இதை நான் விளங்கிக்கொண்டது பொருளியலால் அல்ல, எங்கள் வீட்டுக் கிணற்றால். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீர் ஒரு வில்லையைப் போல நிற்கிறது. அதற்குக் கீழே உவர்நீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. மின்பம்பி வந்த பின் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வேண்டிய மட்டும் இறைத்தோம். நீர்மட்டம் உடனே இறங்கித் தெரிவதில்லை, பம்பி இழுக்கும் மட்டும் தண்ணீர் வருகிறது. ஒரு நாள் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அப்போது பம்பியை நிறுத்தினாலும் கிணறு உடனே தெளிவதில்லை.

எங்கள் ஒதுக்கும் அப்படித்தான் இறைக்கப்பட்டது. இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கொள்கைகளும் உண்மையில் கைகோத்த இடம் அதுதான். இறக்குமதியாளருக்கு மத்திய வங்கி டொலரை விற்கும்போது பதிலுக்கு ரூபாவைப் பெறுகிறது. அந்த ரூபா வங்கி முறைமைக்குள்ளிருந்து வெளியேறிவிடுகிறது. தலையிடாமல் விட்டால் ரூபா அருமையாகி, வட்டி ஏறி, கடன் சுருங்கி, இறக்குமதியும் தானாகக் குறைந்துவிடும். டொலர் போகும் வேகமே டொலர் போவதைத் தடுக்கும். ஆனால் வட்டியை ஏறவிடக் கூடாது என்று தீர்மானித்திருந்தபடியால், வெளியேறிய ரூபாவுக்கு ஈடாகத் திறைசேரி உண்டியல்களை வாங்கி மீண்டும் ரூபா ஊற்றப்பட்டது. ஊற்றிய ரூபா சம்பளமாகவும் கொடுப்பனவாகவும் மக்கள் கைக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போய், கடையிலிருந்து இறக்குமதியாகி மறுபடியும் டொலர் கேட்டு வந்தது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வழி இவ்வாறு ஒவ்வொரு வாரமும் அடைக்கப்பட்டது. வரிக்குறைப்பு இல்லாமல் இவ்வளவு உண்டியல் வந்திராது, அச்சடிப்பு இல்லாமல் இவ்வளவு குறைந்த வட்டியில் அவை விற்றிரா. இரண்டையும் பிரித்துக் குற்றம் சுமத்துவது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த ஒதுக்கு 2021 இறுதியில் 3.1 பில்லியனாயிற்று. அதிலும் ஒரு பகுதி சீனாவுடன் செய்துகொண்ட நாணயப் பரிமாற்றம். வேண்டியபோது செலவழிக்கக் கூடியதல்ல. உத்தியோகபூர்வ வீதத்துக்கும் வெளிச்சந்தை வீதத்துக்கும் இடைவெளி விழுந்ததும் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணமும் வழி மாறியது. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2021 இல் 5.5 பில்லியனுக்கு இறங்கியது. யாழ்ப்பாணத்தில் இது புதிதல்ல. உண்டியல் என்ற சொல்லுக்குக் கோயில் உண்டியலுக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் வரும் பொருள், வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் அந்த வழிதான். திறைசேரி உண்டியலை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். ஓர் உண்டியலில் ரூபா பெருகப் பெருக மற்ற உண்டியலில் டொலர் ஒளிந்துகொண்டது என்று 2021 இல் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அந்தப் பாடம் மறந்திருக்காது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

2022 மார்ச்சில் கட்டு அறுந்தது. ஏழாம் திகதி டொலர் 230 ரூபா வரை போகலாம் என்று அறிவித்தார்கள். மாத முடிவில் ஒரு டொலர் 300 ரூபாவை நெருங்கியது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டே நான் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அங்கே, முன்னால் ஒருவர் மண்ணெண்ணெய்க் கலனை வைத்துவிட்டு நிழலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில்தான், டொலர் போதாவிட்டால் என்ன செய்வது என்ற அந்தப் பிள்ளையின் வரி முதன்முறையாக எனக்குள் திரும்பி வந்தது.

ஏப்ரல் 8 அன்று, பதவியேற்றவுடன், புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் தலைமையில் மத்திய வங்கியின் நாணயச் சபை கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகள், அதாவது 7 சதவீதப் புள்ளிகள், உயர்த்தியது. வைப்பு வசதி வீதம் 6.5 சதவீதத்திலிருந்து 13.5 ஆயிற்று; கடன்வழங்கல் வசதி வீதம் 7.5 சதவீதத்திலிருந்து 14.5 ஆயிற்று. நான்கு நாள் கழித்து, 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. இந்த இரண்டு அறிவிப்புகளில் இரண்டாவதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. என் கணக்கில் திருப்பம் முதலாவது. ஏனென்றால், முன்னர் செய்த சிறு உயர்வுகளை விட்டால், இரண்டரை ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு கை மற்றக் கைக்கு எதிராகத் திரும்பியது.

அன்று இரவு நான் அதை எதிர்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வருமானம் இழந்த நாட்டில் வட்டியை இரட்டிப்பாக்குவது கொடுமை என்று சக ஆசிரியர்களிடம் வாதாடினேன். அந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பாதி இதுதான்: இறைக் கொள்கை மாறாதிருக்க நாணயக் கொள்கை மட்டும் இறுகினால், இறுக்கம் முதலில் கழுத்தை நெரிப்பது அரசாங்கத்தையேதான். திறைசேரி உண்டியல் வட்டி அந்த ஆண்டுக்குள்ளேயே 30 சதவீதத்தைத் தாண்டியது. 2022 இல் அரசாங்கத்தின் வருவாயில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வட்டி கட்டவே போயிற்று. வட்டி ஏற ஏறப் பற்றாக்குறை பெருக, பற்றாக்குறை பெருகப் பெருக உண்டியல்கள் குவிந்தன. சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தே ஆகவேண்டியிருந்ததால், வட்டியை உயர்த்திய அதே மத்திய வங்கி உண்டியல்களை வாங்குவதையும் நிறுத்த முடியவில்லை. அதன் கையிருப்பு 2022 இறுதியில் 2.5 டிரில்லியன் ரூபாவைத் தாண்டியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். வட்டி வீதம் தனியே நின்று எதையும் அடக்கவில்லை.

அடங்கத் தொடங்கியது மற்றக் கையும் திரும்பிய பிறகுதான். பெறுமதி சேர் வரி 2022 யூனில் 12 சதவீதமாகவும் செப்ரெம்பரில் 15 சதவீதமாகவும் ஏறியது, 2024 சனவரியில் 18 ஆனது. எரிபொருள் விலை உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் ஏறத்தாழ 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. வருமான வரி எல்லை 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாக இறங்கியது. 2023 மார்ச் 20 ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் வேலைத்திட்டத்தை அங்கீகரித்தது. யூலை ஆகும்போது பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதமே மத்திய வங்கி வட்டியை இறக்கத் தொடங்கியிருந்தது. வட்டி கட்டுவதை நீக்கிப் பார்த்தால் அந்த ஆண்டு அரசாங்கத்தின் வரவு செலவை விஞ்சியது; இலங்கை வரலாற்றில் அது அரிது. இறைக் கொள்கை இறுகியபடியால்தான் நாணயக் கொள்கை தளர முடிந்தது. அந்த மாணவி அரைப் பக்கத்தில் தேடியது இந்த வாக்கியத்தைத்தான் என்று நினைக்கிறேன்: ஒன்றைத் தளர்த்த வேண்டுமானால் மற்றதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நாடுகள் உண்டு. கொவிட் காலத்தில் வட்டியைக் குறைத்ததை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். வட்டி குறைந்த அன்றே, முந்தைய டிசம்பரின் வரிக்குறைப்பைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும், ரூபாவைச் சிறிது சிறிதாக இறங்க விட்டிருக்க வேண்டும். 2020 நடுப்பகுதியில் இவை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அப்போது செய்திருந்தால் மருந்து கசந்திருக்கும். அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்திராது.

பெரியம்மாவின் வைப்பு

பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா பத்து இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியிலும் மகன் அனுப்பும் காசிலும் வாழ்ந்து வந்தார். 2019 இல் மாதம் எட்டாயிரத்துக்குச் சற்று மேல் வந்தது. 2021 இல் அது ஐயாயிரமாகச் சுருங்கியது. மருந்துக்குக் காணாது என்று ஒருநாள் சொன்னார். வட்டி குறைந்தால் தொழில் வளரும், பொறுங்கோ என்று நான் பதில் சொன்னேன். 2022 கடைசியில் வைப்பைப் புதுப்பித்தபோது 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. பற்றுச்சீட்டை என்னிடம் நீட்டிக் கேட்டார்: “தம்பி, வட்டி மூண்டு மடங்கு எண்டு சொல்லுறாங்கள். பால்மாவும் அரிசியும் வாங்கினால் கையில ஒண்டும் இல்லை. அப்ப என்ர காசு கூடினதோ குறைஞ்சதோ?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 இறுதிக்கும் 2022 இறுதிக்கும் இடையில் விலைகள் ஏறிய அளவுக்கு அந்தப் பத்து இலட்சத்தின் வாங்கும் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. குறைந்தது என்று சொன்னேன். யார் எடுத்தது என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பாடத்தில் விடை இருக்கிறது, பணவீக்க வரி என்று அதற்குப் பெயர்; ஆனால் பெரியம்மாவுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2019 டிசம்பரில் ஆண்டுக்கு முப்பது இலட்சம் உழைப்பவரிடம் வேண்டாம் என்று விட்ட வரியின் ஒரு பகுதி, மூன்று ஆண்டு சுற்றி வந்து, ஒருநாளும் வருமான வரிக் கோப்புத் திறவாத ஒரு விதவையின் வைப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

கொள்கைக் கலவை பற்றிய விவாதங்களில் நான் அதிகம் காணாதது இந்தப் பக்கம்தான். தளர்த்திய காலத்தில் ஆதாயம் பெற்றவர்களும் இறுக்கிய காலத்தில் சுமை தாங்கியவர்களும் வேறு வேறு ஆட்கள். வரியை உயர்த்தியபோதும் சுமையின் பெரும் பங்கு கடையில் பொருள் வாங்கும் எல்லோரும் கட்டும் மறைமுக வரியாகவே வந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியத்தின் பிணைமுறிகள் சேர்க்கப்பட்டன. வங்கிகள் வைத்திருந்தவை தவிர்க்கப்பட்டன. வங்கிகள் ஆட்டங்கண்டால் வைப்பாளர் எல்லோரும் ஆட்டங்காண்பர் என்ற காரணம் பொய்யல்ல, பெரியம்மாவும் அந்த வைப்பாளர்களில் ஒருவர்தான். ஆனாலும் தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பு இத்தனை எளிதாக மேசைக்கு வந்ததை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. இறுக்கம் சரி; அதன் பங்கீடு சரியல்ல. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், நெருக்கடிக்கு இட்டுச்சென்ற தீர்மானங்களை எடுத்தவர்கள் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வைப்பு திரும்பி வருமோ என்று மட்டும் கேட்டார்.

மேசையில் ஒரு கதிரை

1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்கீழ், திறைசேரியின் செயலாளர் மத்திய வங்கியின் நாணயச் சபையில் பதவிவழி உறுப்பினராக இருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடன் கேட்பவரின் பிரதிநிதியும் பணம் ஆக்குபவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் அந்தக் கதிரையை எடுத்துவிட்டது. அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதையும் முதல்நிலைச் சந்தையில் அதன் பிணையங்களை வாங்குவதையும் தடை செய்தது. பதிலாக, ஒருங்கிணைப்புக்கென்று தனியாக ஒரு சபையை வைத்தது. இதனால் இரண்டு கொள்கைகளும் பிரிந்துவிட்டன, மக்களால் தெரிவான அரசாங்கத்தின் கை கட்டப்பட்டுவிட்டது என்ற விமர்சனத்தை என் நண்பர்களே சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. வட்டியைத் தீர்மானிப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வி சிறியதல்ல. ஆனால் இல்லை என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருந்தால்தான் இருவர் இணங்குவதற்குப் பொருள் உண்டு. 2020 இல் இல்லை என்று சொல்லக் கூடியவர் மேசையில் இல்லை. அது இணக்கம் அல்ல, ஒரே ஆள் இரண்டு கையெழுத்து வைத்ததுதான்.

இப்போது கலவை தலைகீழாக இருக்கிறது: இறுகிய இறைக் கொள்கை, தளர்ந்த வட்டி. 2024 இறுதியில் ஒதுக்கு 6 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடியும் திறக்கப்பட்டது. வீதியில் புதிய வாகனங்களைக் காணும்போது மற்றவர்களைப் போல் மகிழ்ச்சியும், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பதற்றமும் எனக்கு வருகின்றன. கிணற்றில் மீண்டும் மின்பம்பியைப் போட்டிருக்கிறோம்.

அந்த மாணவியை 2023 இல் நல்லூர்த் திருவிழாவில் கண்டேன். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். விடைத்தாள் விடயத்தைச் சொல்லி, நான் போட்ட புள்ளி தவறு என்றேன். அவளுக்கு அந்த விடை நினைவில் இல்லை. “அந்த நேரம் அப்பா கடைக்கு மஞ்சள் எடுக்கேலாமல் அலைஞ்சவர், சேர். அதைத்தான் எழுதியிருப்பன்” என்றாள். பிறகு தாயார் அழைக்க, கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

சென்ற தவணைக்கு அதே வினாவை மாற்றி எழுதினேன். மந்தநிலை என்பதை வைத்துக்கொண்டு, அதோடு வெளிநாட்டுக் கடன் தவணைகள், நாணயமாற்று வீதம் நிலையாகப் பிடிக்கப்பட்டிருத்தல், ஒதுக்கு 3 பில்லியன் டொலர் என்று மூன்று தரவுகளைச் சேர்த்தேன். பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடத்தில் கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “சேர், இந்த மூண்டு பில்லியன் எத்தனை மாத இறக்குமதிக்குக் காணும் எண்டு தரேல்லையே?” தரவில்லைத்தான். எழுந்து போய், மாத இறக்குமதிச் செலவு 1.7 பில்லியன் டொலர் எனக் கொள்க என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்து வகுத்துப் பார்க்கத் தொடங்கியது.